பட்டறையில பையன் நிக்க மாட்டேங்கிறான், கத்துக்கிட்டதும் கெளம்பிடுறான். என்ன பண்றது?

உச்சிப்புளி_லேத்து:

எல்லாருக்கும் வணக்கம். உச்சிப்புளி பக்கம் 14 வருசமா லேத்து பட்டறை வச்சிருக்கேன். ஒரு ஆறடி லேத்து, ஒரு பழைய டிரில்லிங் மிஷின், ரெண்டு வெல்டிங் செட்டு, போன வருசம் கடன வாங்கிப் போட்ட ஒரு மிக் மிஷின் (கேஸ் விட்டுப் பிடிக்கிற வெல்டிங்), அவ்வளவுதான் சொத்து. முக்காவாசி போட்டு வேலைதான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் பெரியபட்டினம் வரைக்கும் ஷாப்டு வளைஞ்சிருச்சு புஷ்ஷு தேஞ்சிருச்சு வலை இழுக்குற வின்ச்சு டிரம்மு விரிசல் விட்டிருச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் 61 நாளு, விசைப்படகு எல்லாத்தையும் கரையில ஏத்திருவாங்க, ஊருக்கெல்லாம் லீவு, எனக்கு மட்டும் அப்பதான் ராப்பகலா வேலை, வருசத்து சோறே அந்த ரெண்டு மாசம்தான்.

பிரச்சனை என்னன்னா ஆள். ஆறு வருசத்துல ஏழு பசங்க வந்தாங்க, ஏழு பேரும் போயிட்டாங்க. ஒருத்தன் சிங்கப்பூர், ரெண்டு பேர் கோயமுத்தூர், ஒருத்தன் துபாய், மிச்சம் எங்கன்னே தெரியல. இந்தத் தடைக்காலத்துல நடந்ததுதான் கொடுமை. மே கடைசியில நல்லா வேலை தெரிஞ்ச பையன் சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டான், கையில பதினோரு ஷாப்டு நிக்குது, ஒவ்வொரு சம்மாட்டிக்கும் (போட்டு ஓனருக்கு) தேதி சொல்லியாச்சு. அவசரத்துக்கு ஐடிஐ முடிச்ச ஒரு பையன கூட்டியாந்தேன், முதல் நாளே லேத்துல இரும்ப கவ்வுற சக்க முடுக்குற சாவிய சக்குலயே விட்டுட்டு மிஷின ஆன் பண்ணிட்டான். சாவி பறந்து போய் டியூப்லைட்ட ஒடைச்சுது, ஒரு முழம் தள்ளி இருந்தா என் மண்டை. டிரேடு என்னன்னு கேட்டா டர்னர்ங்கிறான், அதாவது லேத்து வேலையே படிச்சவன்.

கேள்வி மூணு. ஒண்ணு, கவர்மெண்டு அப்ரண்டிஸ்னு பாதி பணம் குடுக்குறாங்களாமே, அது என்ன மாதிரி சின்ன பட்டறைக்கு கெடைக்குமா. ரெண்டு, புதுசா வர்ற பையனுக்கு எதுல இருந்து சொல்லிக்குடுக்கணும், எனக்கு என் குரு அடிச்சு சொல்லிக்குடுத்தாரு, இப்ப அது நடக்காது. மூணு, ரெண்டு வருசம் இருந்தே ஆகணும்னு எழுதி வாங்கிக்கிட்டு ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கலாமா, சில பேர் அப்படிப் பண்றாங்க.

தேவிபட்டினம்_ராஜா:

மூணாவது கேள்விய மொதல்ல அழிச்சிருங்கண்ணே. சர்டிபிகேட்ட பிடிச்சு வச்சா பையன் நிக்க மாட்டான், போலீஸ்தான் வந்து நிக்கும்.

பழைய_வாத்தியார்:

தம்பி, நான் அரசு ஐடிஐயில பிட்டர் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். சக்கு சாவி கதைய படிச்சிட்டு சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு, ஏன்னா அது எங்க ஆளுங்க விட்ட பிழை. சாவிய கையில இருந்து விடாம இருக்குறதுதான் டர்னருக்கு முதல் பாடம், அத முப்பது நாள் திட்டித் திட்டி பழக்கணும். ஒரு லேத்துக்கு நாலஞ்சு பசங்க சுத்தி நின்னு பாத்துட்டுப் போனா எவனுக்கும் பழகாது.

முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடுறேன். அப்ரண்டிஸ் சட்டம் 1961ல வந்தது. உதவித்தொகை திட்டம் 2016ல வந்துச்சு, பையனுக்கு நீங்க குடுக்குற உதவித்தொகையில கால்வாசி, மாசம் 1500 ரூபாய்க்கு மேல போகாம, கவர்மெண்டு குடுக்கும். நீங்க சொல்ற மாதிரி பாதி இல்ல. ஆனா 30 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற இடத்துக்குதான் கட்டாயம், 4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் இஷ்டம் இருந்தா எடுக்கலாம். உங்க பட்டறையில நீங்களும் ஒரு பையனுமா ரெண்டே பேர்னா அந்தக் கணக்குக்குள்ளயே வர மாட்டீங்க. அதனால அந்த ஆசைய விட்ருங்க.

ஆனா வேற ஒரு வழி இருக்கு, அத பட்டறைக்காரங்க யாரும் சொல்றதில்ல. ஐடிஐ வாசல மிதிக்காத பையனா இருந்தாலும் 21 வயசு முடிஞ்சு அந்த டிரேடுல மூணு வருசம் வேலை பாத்த அனுபவம் இருந்தா அகில இந்திய தொழிற்தேர்வ தனித்தேர்வரா எழுதலாம். பாஸ் பண்ணினா ஐடிஐ முடிச்சவனுக்கு கெடைக்கிற அதே தேசிய தொழிற்சான்றிதழ். அதுக்கு நீங்க அனுபவச் சான்றிதழ் எழுதிக் குடுக்கணும், அதுக்கு மொதல்ல நீங்க பட்டறைய பதிவு பண்ணி வரவு செலவு எழுதி வைக்கணும். இத பண்ணுவீங்களா?

ரெண்டாவது கேள்விதான் பெருசு. நான் உங்ககிட்ட திருப்பி ஒண்ணு கேக்குறேன். உங்க பட்டறையில பையன் கெடுக்குறதுக்குன்னு ஒரு இரும்பு இருக்கா? ஐடிஐயில முதல் மாசம் நாங்க என்ன பண்ணுவோம்னா ஒரு சாதா இரும்பு (எம்எஸ்) பிளேட்டு துண்ட குடுத்து அரம் போடச் சொல்லுவோம். நாலு பக்கமும் நேராகணும், மூலைமட்டத்த வச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா இடுக்குல வெளிச்சம் தெரியக்கூடாது. பையன் மூணாவது நாளே அழுவான், தோள்பட்டை வீங்கும், 50 மில்லிமீட்டர் துண்டு 46 ஆயிரும், இன்னும் வெளிச்சம் தெரியும். அந்தத் துண்டு குப்பைக்குதான் போகும், ஆனா அவன் கை அதுலதான் படிக்கும். பட்டறையில அப்படி இல்ல, வர்ற ஒவ்வொரு இரும்பும் ஒரு சம்மாட்டியோட ஷாப்டு, அதுல கெடுக்க முடியாது, அதனால பையன தொடவே விட மாட்டீங்க, தொடாதவன் எப்படி கத்துக்குவான்? கடைசியில மறைஞ்சு நின்னு பாத்து அரைகுறையா கத்துக்குவான், அந்த அரைகுறைய நம்பித்தான் வெளிய போவான்.

மாசம் ஒரு 20 கிலோ பழைய இரும்பு பையனுக்குன்னு ஒதுக்குங்க. ஆக்கர் கடையில கிலோ கணக்குல வாங்குங்க, கெட்டதும் அங்கயே திருப்பிப் போடுங்க, நடுவுல ஆகுற நட்டம் ஒரு டீச்செலவு.

இன்னொண்ணு, ஜெர்மனிய எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க. அங்க ஒரு பையன் மூணு, மூணரை வருசம் கம்பெனியில சம்பளத்தோட பழகுவான், வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் தொழிற்பள்ளிக்கூடம் போவான். எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா கடைசிப் பரீட்சைய அந்தக் கம்பெனி வைக்காது, தொழில் வர்த்தக சங்கம் ஆள் போட்டு வைக்கும். சொல்லிக்குடுத்தவனே மார்க்கு போடுறதில்ல. நான் தனித்தேர்வ பத்தி சொன்னதும் இதுக்குதான்.

கீழக்கரை_வெல்டர்:

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா (எங்க ஊர்ல அண்ணன காக்காம்போம்). நான் இப்ப சவுதி ஜுபைல்ல இருக்கேன், பைப் வெல்டர். வாத்தியார் சொன்ன அரைகுறை நான்தான் 😀

ஊர்ல ஒரு பட்டறையில கேட்டு, கிரில்லு, மாடிப்படி கைப்பிடின்னு மூணு வருசம் வெல்டு பத்த வச்சேன். 6013ங்கிற வெல்டிங் ராடுதான், அது அமுல் பேபி மாதிரி, எவன் பிடிச்சாலும் எரியும். நமக்குதான் எல்லாம் தெரியுமேன்னு மும்பை போய் ஏஜெண்டு ஆபீஸ்ல டெஸ்டுக்கு நின்னேன். 6ஜி. பைப்ப 45 டிகிரி சாய்ச்சு கட்டிருவாங்க, பைப்ப திருப்ப விட மாட்டாங்க, நாமதான் அத சுத்தி வரணும், கீழ இருந்து மேல, தலைகீழா, பக்கவாட்டுல எல்லாம் ஒரே ஜாயிண்டுல. ரூட்டு, அதாவது அடி வரிசை, டிக் வெல்டிங்ல போடணும், அதுக்கு மேல 7018 ராடு. ரூட்டு உள்ளுக்குள்ள ஒழுங்கா இறங்கிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. என் பிலிம பாத்தவரு கொசு வலை மாதிரி இருக்குன்னாரு. அவ்வளவு ஓட்டை. போன காசு, ரூம் வாடகை எல்லாம் போச்சு.

அப்புறம் திருச்சி போனேன். பெல் பாய்லர் பிளாண்டு இருக்குறதால துவாக்குடி சுத்தி பேப்ரிகேசன் கம்பெனியா கெடக்கும், அங்க ஒரு கம்பெனியில எட்டு மாசம் ஹெல்பரா சேந்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வெட்டிப் போட்ட பைப்புத் துண்டுல பழகினேன். அங்கதான் தெரிஞ்சுது 7018 ராட வெறுமனே பாக்கெட்டப் பிரிச்சு பிடிக்கக் கூடாதுன்னு. அது ஈரத்த இழுக்கும், 300 டிகிரிக்கு மேல ஓவன் அடுப்புல போட்டு காய வச்சு சூடு ஆறாம டப்பாவுல இருந்து ஒண்ணொண்ணா எடுக்கணும், இல்லன்னா ஹைட்ரஜன் உள்ள போய் வெல்டு அப்பவே வெடிக்காது, மறுநாள் வெடிக்கும். நம்ம கடக்கரையில காத்தே உப்புத் தண்ணிதான். நம்ம ஊரு பட்டறையில எத்தன பேரு ஓவன் வச்சிருக்காங்க சொல்லுங்க? எங்க முதலாளி ராட கொடியில காயப்போடுவாரு.

காக்கா நீங்க மிக் மிஷின் போட்டிருக்கேன்னு சொன்னீங்க. கச்சான் அடிக்கிற மாசத்துல வெளிய வச்சு மிக் பிடிக்காதீங்க, காத்து கேஸ தள்ளிரும், வெல்டு மேல பாக்க அழகா இருக்கும் உள்ள பூரா ஊசி ஓட்டை. தார்ப்பாய கட்டி மறைங்க, இல்ல ராடுல பிடிங்க. பையனுக்கு இத மொத வாரமே காட்டணும், ஒரே துண்டுல பாதி காத்துல, பாதி மறைவுல பிடிக்கச் சொல்லிட்டு சுத்தியலால ஒடைச்சுக் காட்டுங்க. ஒடைச்சுப் பாத்தவன் மறக்க மாட்டான்.

வெளிநாடு போற பசங்கள பத்தி ஒண்ணு. போறவன தடுக்க முடியாது, ஒழுங்கா போக வைங்க. சவுதிக்கு வெல்டர் மாதிரி சில டிரேடுக்கு இப்ப விசாவுக்கு முன்னாடியே இந்தியாவுலயே திறன் டெஸ்டு பாஸ் பண்ணணும், முந்தி மாதிரி போய்ப் பாத்துக்கலாம்னு போக முடியாது. பத்தாவது பாஸ் இல்லன்னா பாஸ்போர்ட்டுல குடியகல்வு சோதனை முத்திரை தொல்லை வேற. அதனால எட்டாவதோட வர்ற பையன்கிட்ட எப்படியாவது பத்தாவத முடிடான்னு சொல்லுங்க. அப்புறம் வெல்டர் டெஸ்டு ஒரு தடவை பாஸ் பண்ணினா ஆயுசுக்கும் செல்லும்னு ஊர்ல நெனைக்கிறானுங்க, அமெரிக்க ஏஎஸ்எம்இ கோடுபடி அந்த முறையில ஆறு மாசம் பிடிக்காம இருந்தா தகுதி போயிரும். லீவுல ஊருக்கு வந்து ஏழு மாசம் உக்காந்தா திரும்பவும் டெஸ்டுதான். கை அப்படித்தான், சும்மா இருந்தா மறந்துரும்.

ஓடிப்போனவன்:

அண்ணன் பட்டறையில நான் வேலை பாக்கல, வேற ஒருத்தர்கிட்ட. ஆனா ஏழு பேர்ல ஒருத்தனா என்ன நெனச்சுக்கங்க.

ரெண்டு வருசம் இருந்தேன். காலையில கூட்டணும், சுருள் சுருளா கெடக்குற சிலும்ப அள்ளணும், டீ வாங்கணும், முதலாளி பிள்ளைய ஸ்கூல்ல விடணும், மத்தியானம் ஷாப்ட ஒரு முனையில பிடிக்கணும். லேத்த தொட்டா கைய தட்டிவிடுவாரு. நாளைக்கு 250 ரூபா, ரெண்டு வருசம் கழிச்சும் 300. எனக்குப் பின்னாடி வந்தவனுக்கும் 300. டூல் எப்படி தீட்டுறதுன்னு கேட்டா "பாத்துக் கத்துக்கடா" ம்பாரு, ஆனா தீட்டும்போது முதுகத் திருப்பிக்குவாரு. அப்புறம் கடைசியா அனுபவ லெட்டர் கேட்டேன். நீ என்னடா ஆபீசரான்னு கேட்டாரு. மறுநாள் ஓசூர் பஸ் ஏறிட்டேன்.

ஓசூர்ல கான்ட்ராக்டுதான், ஒண்ணும் ராஜ வாழ்க்கை இல்ல, ரூமுக்கு ஒம்பது பேர். ஆனா அங்க சுவத்துல ஒரு சார்ட்டு மாட்டிருக்காங்க, இந்த இந்த வேலை தெரிஞ்சா இந்த லெவல், இந்த லெவலுக்கு இவ்வளவு சம்பளம். என் பேருக்கு நேரா ஒரு வட்டம், நாலுல ஒரு பங்கு கருப்படிச்சிருக்கு, அரை ஆச்சுன்னா 1200 கூடும். அந்த வட்டத்துக்காகதான் இங்க இருக்கேன். அண்ணே உங்க பட்டறையில பையனுக்கு அடுத்த வருசம் என்ன ஆவோம்னு தெரியுமா? அது தெரியாமத்தான் எல்லாரும் போறோம்.

பழைய_வாத்தியார்:

தம்பி ஓடிப்போனவன், முதுகத் திருப்பிக்கிட்டு டூல் தீட்டுறவங்கள நானும் பாத்திருக்கேன். தொழில் ரகசியம்னு நெனப்பு. 60 டிகிரி திரெட்டு டூலுக்கு என்னப்பா ரகசியம், கேஜ் வச்சுப் பாத்தா தெரியப் போகுது.

தங்கச்சிமடம்_சம்மாட்டி:

நான் போட்டு ஓனர், வேலை குடுக்குற பக்கத்துல இருந்து பேசுறேன். பையன் சரியில்லன்னா நட்டம் உங்களுக்கு மட்டும் இல்ல, கடல்ல நிக்கிறது நாங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பட்டறையில இருந்து ஒரு பையன் வந்து கியர்பாக்ஸ் பக்கத்துல ஒரு பிராக்கெட்டு பத்த வச்சான். எர்த்து கிளாம்ப எங்கயோ ஷாப்டுல மாட்டிட்டான். கரண்டு பேரிங் வழியா ஓடி பேரிங் பூரா பொரிஞ்சு போச்சு, ஒரு மாசத்துல கியர்பாக்ஸ் சத்தம் போட ஆரம்பிச்சுது. எர்த்த பத்த வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும்னு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லல. அத விட பயங்கரம், மீன் அறைக்குள்ள தெர்மோகோல் மாதிரி போம் அடைச்சிருப்பாங்க இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்குற இரும்புத் தகட்டுல வெல்டு பத்த வச்சா உள்ளுக்குள்ளயே கனன்று புகையும், புகை விஷம். தண்ணி வாளியும் ஒரு ஆளும் பக்கத்துல இல்லாம என் போட்டுல இப்ப எவனையும் பத்த வைக்க விடுறதில்ல. இதெல்லாம் எந்த ஐடிஐ புத்தகத்துல இருக்கோ தெரியல, ஆனா கடக்கரைப் பட்டறைப் பையனுக்கு இதுதான் முதல் பாடமா இருக்கணும்.

அப்புறம் இரும்பு தெரியணும். எஸ்எஸ்னா துருப்பிடிக்காதுன்னு 304ல கைப்பிடி போட்டுக் குடுத்தான் ஒருத்தன், ஒரு வாடைக்காத்து முடியறதுக்குள்ள டீ கறை மாதிரி ஆயிருச்சு. 316ல மாலிப்டினம் இருக்கு, அது தாங்கும், அதுவும் தண்ணி தேங்கி நிக்கிற ஸ்டெர்ன் டியூப்புக்குள்ள (ஷாப்டு வெளிய போற குழாய்) குழி விழும். ஜிங்க்கு கட்டி ஏன் போட்டுல மாட்டுறோம், அது கரைஞ்சாதான் ஷாப்டும் புரோப்பல்லரும் பொழைக்கும்னு பாதி மெக்கானிக்குக்கு தெரியல, அழகா இருக்கட்டும்னு ஜிங்க்குக்கும் சேத்து பெயிண்ட் அடிச்சு விட்டான் ஒருத்தன்!! பெயிண்ட் அடிச்சா அது எப்படிய்யா கரையும்.

என் சின்ன மகன் பத்தாவது. கொச்சியில 1963ல ஆரம்பிச்ச மத்திய மீன்வள கடல்சார் பயிற்சி நிறுவனம் இருக்கு, சிப்நெட்டும்பாங்க, அதுல மெரைன் பிட்டர்னு ரெண்டு வருச டிரேடு இருக்கு, சென்னையிலயும் விசாகப்பட்டினத்துலயும் கிளை இருக்கு. பத்தாவதுல கணக்கும் அறிவியலும் ஒழுங்கா இருந்தா போதும். போட்டு எஞ்சினுக்குன்னே படிப்பு. நம்ம கடக்கரையில எத்தன பேருக்கு தெரியும்? எல்லாரும் பிள்ளைய இன்ஜினியரிங்ல சேத்துட்டு கடன் கட்டிக்கிட்டு இருக்காங்க.

தொண்டி_டர்னர்:

நான் தொண்டி. அரசு ஐடிஐயில டர்னர் படிச்சேன், என் பேட்ச்ல நான் ஒருத்திதான் பொண்ணு. இப்ப கோயமுத்தூர்ல வால்வு பார்ட்ஸ் பண்ற கம்பெனியில சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மிஷின்) செட்டர்.

வாத்தியார் சார் சொன்னதுல எனக்கு ஒரு சின்ன சண்டை இருக்கு. அரம் போடுறது நல்லதுதான், நானும் போட்டேன், உள்ளங்கை காய்ப்பு இன்னும் இருக்கு. ஆனா இப்ப பசங்க போய் நிக்கிற இடம் சிஎன்சி. 71 அரசு ஐடிஐய 2877 கோடியில புதுப்பிச்சு ரோபோ, சிஎன்சின்னு இறக்கிருக்காங்க, அத பாத்து பெரியவங்க எல்லாரும் "அரம் பிடிக்கத் தெரியாதவனுக்கு ரோபோ எதுக்கு"ன்னு ஒரே பாட்டு. எனக்கு ரெண்டுலயும் அனுபவம் இருக்கறதால சொல்றேன், ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது அளவு. அளக்கத் தெரிஞ்சா ரெண்டும் வரும்.

நான் சேந்த புதுசுல ஒரு வருசம் பட்டன் அமுக்குற வேலைதான். கதவத் திற, பீஸ மாட்டு, சைக்கிள் ஸ்டார்ட். எவ்வளவு நாள் ஆனாலும் அதுலயே விட்ருவாங்க, கூட வந்த பசங்க நிறைய பேர் இன்னும் அதுலதான் இருக்காங்க. நான் என்ன பண்ணேன்னா ஒவ்வொரு பத்தாவது பீஸையும் மைக்ரோமீட்டர்ல அளந்து ஒரு நோட்டுல எழுதினேன், யாரும் சொல்லல, சும்மா போரடிச்சு. எழுத எழுத ஒரு விஷயம் தெரிஞ்சுது, வெட்டுற முனை (இன்சர்ட்டு) தேயத் தேய வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டே போகுது, ஒரு அளவுக்கு மேல போறதுக்குள்ள மிஷின்ல ரெண்டு பாயிண்டு ஆப்செட் (அளவுத் திருத்தம்) குடுத்தா திரும்ப சரியாகுது. ஒரு நாள் சூப்பர்வைசர் அந்த நோட்ட பாத்தாரு. அடுத்த மாசம் செட்டிங் பக்கம் போட்டாங்க.

அதனால அண்ணே, உங்க பட்டறைக்கு வர்ற பையனுக்கு முதல் வாரம் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் குடுங்க, நூல்ங்கிற பழைய இஞ்சு அளவுக் கணக்க விடுங்க. "ரெண்டு நூல் கொறைச்சிரு"ன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க, அந்தப் பேச்சு கோயமுத்தூர் ஆபீஸ்ல எடுபடாது. வெர்னியர் 0.02 மில்லி பாக்கும், மைக்ரோமீட்டர் 0.01 பாக்கும். ஒரே ஷாப்ட பத்து தடவ அளந்து பத்து தடவையும் ஒரே எண் வர்ற வரைக்கும் விடாதீங்க. வரவே வராது, முதல் ரெண்டு நாள் சிரிப்பா இருக்கும். இதுக்கு இரும்பு கூட கெடாது 😊 அப்புறம் டிராயிங். பழைய ஷாப்ட அப்படியே கண்ண வச்சு கடையறதுக்கு பதிலா பையன ஒரு பேப்பர்ல வரையச் சொல்லுங்க, அளவு போடச் சொல்லுங்க. வெளிய போனா டிராயிங் படிக்கத் தெரியாதவன் ஆயுசுக்கும் ஹெல்பர்.

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் ஐடிஐ முடிச்சதும் ராமநாதபுரம் சுத்தி நாலு பட்டறையில கேட்டேன், ஊர்லயே இருந்து அப்பாவ பாத்துக்கலாம்னு. நாலு பேரும் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் உண்மைய சொன்னாரு, "பாத்ரூம் இல்லம்மா"ன்னு. பையன் நிக்க மாட்டேங்கிறான்னு பொலம்புறீங்க, நிக்கத் தயாரா ஒரு பாதி ஊரே இருக்கு. உங்க பட்டறையில பாத்ரூம் இருக்கா அண்ணே?

தேவிபட்டினம்_ராஜா:

😶😶 அண்ணே மாட்டிக்கிட்டீங்க.

கீழக்கரை_வெல்டர்:

லாத்தா (அக்கா) சொன்னது சத்தியம். என் தங்கச்சி வெல்டர் சேரணும்னு சொன்னப்ப நானே வேணாம்னுட்டேன். இப்ப யோசிக்கிறேன்.

இன்னொரு ஆத்தாமை. 2025 ஏப்ரல் 6 புதுப் பாம்பன் பாலம் திறந்தாங்க. 1914ல கட்டுன பழைய பாலம் ரெண்டு பக்கமும் கதவு மாதிரி தூக்கும், இது 72.5 மீட்டர் துண்டு அப்படியே 17 மீட்டர் மேல போகும். சத்திரக்குடியில வச்சு கர்டர் பத்த வச்சாங்க, உப்புக்காத்துக்கு துருப்பிடிக்காத கம்பி, ஸ்பெசல் பெயிண்டு. நம்ம வாசல்லயே நடந்த வேலை. எனக்கு தெரிஞ்சு நம்ம ஊர்ப் பசங்க மூணு பேர் அதுல இருந்தாங்க, மூணு பேரும் ஹெல்பர். வெல்டர் பூரா வடக்க இருந்து வந்தவங்க. கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, அவங்ககிட்ட பேப்பர் இருந்துச்சு நம்மகிட்ட இல்ல.

உச்சிப்புளி_லேத்து:

ரெண்டு நாளா பதில் போடல, மன்னிச்சுக்கங்க. ஒரு வின்ச்சு வேலை. அத விட, என்ன எழுதுறதுன்னு தெரியல.

ஓடிப்போனவன் தம்பி, நானும் டீ வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். டூல் தீட்டும்போது முதுகத் திருப்புனதில்ல, ஆனா திரும்பி நின்னு சொல்லிக்குடுத்ததும் இல்ல. போன பையனுக்கு 450 குடுத்தேன், நல்ல சம்பளம்னு நெனச்சேன். ஆனா மூணு வருசமும் அதே 450தான், யோசிச்சுப் பாத்தா ஒரு தடவ கூட அவன் கேக்காம நான் கூட்டல.

சர்டிபிகேட்டு விஷயத்த விட்டுட்டேன், கேட்டதே தப்பு.

பாத்ரூம் இல்லம்மா. பின்னாடி கருவேலங்காடுதான். எனக்கே அதான்.

இப்ப யோசிச்சிருக்கது என்னன்னா, ஏப்ரல்ல பத்தாவது பரீட்ச முடியுது, தடைக்காலம் ஆரம்பிக்குது, ஐடிஐ சேர்க்கை அதுக்கப்புறம்தான். அந்த ரெண்டு மாசத்துல பதினாறு பதினேழு வயசுப் பசங்க ஊர் பூரா சும்மா சுத்துவானுங்க, எனக்கும் ஆள் தேவை. மிஷின்ல விட முடியாது, சின்ன பசங்க. அளக்குறது, வரையறதுக்கு மட்டும் ரெண்டு பேர வச்சு, தொழில் பிடிச்சிருந்தா ஐடிஐல போய் சேருடான்னு அனுப்பலாமான்னு பாக்குறேன். வாத்தியார் சார் இது சட்டப்படி சரியா?

பழைய_வாத்தியார்:

14ல இருந்து 18 வயசுக்குள்ள இருக்குற பசங்கள ஆபத்தான வேலையில விடக்கூடாது தம்பி, சட்டம் ரொம்ப கண்டிப்பு. லேத்து, வெல்டிங், கிரைண்டிங் பக்கமே வேணாம். கூலிக்கு வேலைக்காரனா வைக்காதீங்க, காலையில ரெண்டு மணி நேரம், வீட்டுல சொல்லி, மிஷின் ஓடாத நேரத்துல அளக்கக் கத்துக்குடுங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ஐடிஐயில சேந்தா பஸ் பாஸு, மாசம் 750 உதவித்தொகை, அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு மாசம் 1000 திட்டமும் ஐடிஐக்கு உண்டு, பெத்தவங்ககிட்ட இத சொல்லுங்க, பாதி பேருக்கு தெரியாது. ரெண்டு வருச டிரேடு முடிச்சா பாலிடெக்னிக்குல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம், அதையும் சொல்லுங்க.

18 தாண்டின பையனுக்கு ஓசூர் தம்பி சொன்ன அந்த வட்டத்த சுவத்துல வரைங்க. சாக்பீஸ் போதும். அளவு, அரம், டூல் தீட்டுறது, ஷாப்டு நேர் பாக்குறது, திரெட்டு, வெல்டிங்னு எழுதுங்க, ஒவ்வொண்ணும் வந்தா இவ்வளவு கூடும்னு பக்கத்துலயே போடுங்க. ஆனா வந்துச்சா இல்லையான்னு நீங்க பாக்காதீங்க. நான் மாசம் ஒரு தடவ பரமக்குடியில இருந்து பஸ் ஏறி வர்றேன், வீட்டுல சும்மாதான் இருக்கேன்.

தங்கச்சிமடம்_சம்மாட்டி:

சார் வர்றீங்கன்னா மத்தியானம் சாப்பாடு என் வீட்டுல. ஷாப்டு நேர் பாக்குறதுக்கு என் போட்டுல கழட்டிப் போட்ட பழைய ஷாப்டு ரெண்டு வளைஞ்சு கெடக்கு, பசங்க பழக எடுத்துக்கங்க. காசு வேணாம். ஆனா ஒண்ணு, பையன் போட்டுல ஏறுறதுக்கு முன்னாடி எர்த்து எங்க மாட்டுவன்னு கேப்பேன், தப்பா சொன்னா இறக்கி விட்ருவேன்.

உச்சிப்புளி_லேத்து:

சம்மாட்டி அண்ணே, ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன்.

தொண்டிம்மா, கொத்தனார்கிட்ட கேட்டேன், ஒரு கக்கூஸ் ரூமுக்கு குழியோட சேத்து விலை சொல்லிருக்கான். தடைக்கால காசு இன்னும் பாதி பாக்கி நிக்குது, சம்மாட்டிங்க குடுத்தா கட்டிருவேன். தங்கச்சிமடம் அண்ணன தவிர, அவர் குடுத்துட்டாரு.

தொண்டி_டர்னர்:

சரிண்ணே. கட்டி முடிச்சா ஒரு போட்டோ போடுங்க, என் ஜூனியர் ரெண்டு பேர் உச்சிப்புளி பக்கம்தான், ஒருத்தி டர்னர் ஒருத்தி பிட்டர். ரெண்டு பேருக்கும் 19 ஆச்சு.

அப்புறம் வளைவ முள்ளுல காட்டுற டயல் கேஜ் வச்சிருக்கீங்களா? ஷாப்டு நேர் பாக்க சாக்பீஸ் பிடிச்சுப் பாக்குற ஆளா நீங்க?

உச்சிப்புளி_லேத்து:

சாக்பீஸ்தான். டயல் ஒண்ணு இருந்துச்சு, முள்ளு ஒரே எடத்துல நின்னு போச்சு. கோயமுத்தூர்ல செகண்ட்ல கெடைக்குமாம்மா? மேக்னட் ஸ்டாண்டோட சேத்து.

தொண்டி_டர்னர்:

உக்கடம் பழைய சாமான் கடையில பாக்குறேன். ஆனா மைக்ரோமீட்டர் மட்டும் செகண்ட்ல வாங்காதீங்கண்ணே, 0-25 மில்லிமீட்டர் அளக்குறது ஒண்ணு புதுசாவே வாங்கிருங்க.